அளந்து போட்டது

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
ஜூலை வெள்ளம் வடிந்த ஒன்பதாம் நாள்
பச்சை ஜீப்பில் போய் இறங்கினேன்:
இடுப்புவரை ரப்பர் உடை,
அளவு நாடா, ஆரஞ்சு பெயின்ட்,
ஒன்பது பக்கப் படிவம்.

டாக்கெட் ஓடையை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.
வெர்மான்ட் மலை இடுக்குகளில் இப்படி எத்தனையோ.
மற்ற நாளில் பூட்ஸ் நனையாமல் தாண்டிவிடலாம்.
அன்றிரவு அது
ஒரு பாலத்தை, நாற்பது மேப்பிள் மரங்களை,
யாருடைய ஃப்ரிட்ஜையோ
சோள வயலின் குறுக்கே நடத்திக்கொண்டு போயிருந்தது.
ஃப்ரிட்ஜ் மூடியபடியே நின்றது, நிமிர்ந்து.
திறக்க யாருக்கும் தைரியமில்லை.

ஆரின் திபோ கரையில் காத்திருந்தார்.
கரை என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.
போன மாதம் அது அவருடைய சமையலறை.
"கல் போடுவீங்களா?"

கேள்வி எண் நான்கு:
ஆபத்திலுள்ள கட்டடம் எது?
சுற்றிப் பார்த்தேன்.
மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு குழாய்.
மூன்று படிகள்.
படிக்கு மேலே வானம்.

வீடு இருந்தால் வீட்டைக் காக்கக் கல் உண்டு.
வீடு போய்விட்டால்
காக்க ஒன்றுமில்லை, கல்லும் இல்லை.
இதை எந்தக் குரலில் சொல்வதென்று
பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.
மெதுவாகச் சொன்னேன்.
மெதுவாகச் சொன்னதுதான் தப்பு.
"பாதி வீடு மிஞ்சியிருந்தா?"
"பாதிக்கு உண்டு."
அவர் சிரித்தார்.
நான் படிவத்தைப் புரட்டினேன்,
பின்பக்கத்தில் ஏதோ இருப்பதுபோல.

முந்நூறு அடி கீழே
ஹாலி பிரெஸ்காட்டின் பால் கொட்டகை.
நூற்றுப் பத்து மாடுகள்.
அஸ்திவாரத்துக்கு அடியில் ஓடை
நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது.
கேள்வி நான்குக்கு விடை கிடைத்தது.
எண்ணூறு டன் என்று எழுதி
மரத்தில் ஒரு கோடு போட்டேன்.

முக்கால் பங்கு வாஷிங்டன் தரும்.
கால் பங்கு ஊர் போடவேண்டும்.
ஊரில் அறுநூற்றுப் பதின்மூன்று பேர்.
பள்ளிக்கூட ஜிம்மில் கூட்டம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே உட்கார்ந்து
ஊர்க் கணக்கர் லோயிஸ் ப்ரூட்டி
கால்குலேட்டரை மூன்று முறை தட்டினாள்.
மூன்று முறையும் அதே தொகை.
கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"பணமாத்தான் வேணுமா?"
வேண்டாம் என்றேன்.
லாரி ஓடும் மணிநேரம், டீசல், கூலி, கல்,
எதையும் கணக்கில் காட்டலாம்.

பின்வரிசையில் ஆரின் எழுந்தார்.
மேட்டு நிலத்தில் அவருக்கொரு கல்குழி இருக்கிறது.
"எடுத்துக்குங்க. எனக்குத்தான் அது உதவல."
யாரும் கைதட்டவில்லை.
ஹாலி தரையில் வரைந்திருந்த வெள்ளைக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வேலித் தகராறில் அவர்கள் இருவரும்
பதினொரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம்.
லோயிஸ் அதை வண்டி நிறுத்துமிடத்தில்தான் சொன்னாள்.

டன்னுக்கு இருபத்திரண்டு டாலர் மதிப்பிட்டேன்.
இருபத்தைந்து என்றார் ஆரின்.
தானம் கொடுக்கிறவர் பேரம் பேசி
அன்றுதான் பார்த்தேன்.
விலை ஏறினால் ஊரின் பங்கு சீக்கிரம் நிறையும்;
எனக்கு அது உறைக்க ஒரு நிமிடம் ஆயிற்று.
இருபத்து நான்கில் முடிந்தது.

செப்டம்பரில் கல் இறங்கியது.
கல்லின்மேல் விழுந்த கல்லின் சத்தத்தில்
மாடுகள் இரண்டு நாள் பால் குறைத்தன.
இடுக்குகளில் வில்லோ குச்சிகள் நட்டோம்.
ஃப்ரிட்ஜை எந்திரம் தூக்கியது,
அப்போதும் அது திறக்கவில்லை.

ஆரின் தினமும் வந்து
அந்த மூன்று படிகளில் நடுப்படியில் உட்கார்ந்திருந்தார்.
ஹாலி காபி அனுப்பினாள், பையனிடம்.
தானே வரவில்லை.

கடைசி நாள் சாயங்காலம்
ரசீதுகளை அடுக்கி, முப்பத்தாறு லாரி என்றேன்.
"முப்பத்தேழு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

ஜீப்பின் முன்மூடியில் பரப்பி
மறுபடியும் எண்ணினேன்.
ஈரத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தன.